முப்பதாவது படிவம்

1

இந்தக் கதையை நான் எழுதாவிட்டால் எங்கள் தீவுக்கு நான்கு மதிப்பெண் குறையும். எழுதுவதற்கு வேறு காரணம் கிடையாது. உள்ளுக்குள் ஏதோ உறுத்தியதால் எழுதினேன் என்று எழுத்தாளர்கள் சொல்வார்கள். எனக்கு உள்ளுக்குள் உறுத்துவது பித்தப்பைக் கல். அதற்கு மாத்திரை இருக்கிறது.

மாவட்ட அலுவலகம் தன் எல்லையிலுள்ள சுற்றுலாத் தீவுகளை அளக்கிறது. எந்தத் தீவு எவ்வளவு புத்திசாலி, எந்தத் தீவு எவ்வளவு காலம் தாங்கும் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. குப்பையைப் பிரிப்பதற்கு இவ்வளவு, குடிநீருக்கு இவ்வளவு, கைப்பேசி அலைக்கு இவ்வளவு. கையேட்டின் எழுபத்தேழாவது பக்கத்தில் ஒரு வரி: "அந்த இடத்துக்கே உரிய கதை. உள்ளூர்வாசி ஒருவர் எழுதியதாக இருக்க வேண்டும். வாசிப்பவர் அதை உண்மை என்று நம்பும்படி இருக்க வேண்டும்." அதற்கு நான்கு. மற்றதையெல்லாம் கூட்டினால் எங்களுக்கு அறுபத்தாறு வருகிறது. எழுபது வேண்டும்.

ஆகவே நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும். இதை வாசித்து மதிப்பெண் போடுகிறவர். மூன்று பேர் தனித்தனியாக வாசிப்பார்களாம், பெயரை வெளியே சொல்ல மாட்டார்களாம். [அப்படியல்லாமல் வேறு எங்கோ உட்கார்ந்து வேறு எதற்கோ இதை வாசிக்கிறவராக இருந்தாலும் பாதகமில்லை. ஓர் ஊரை எடைபோட யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.]

வேலை என் தலையில் விழுந்தது ஒலிபெருக்கி வழியாக. எங்கள் தீவில் எந்தச் செய்தியானாலும் ஊர்மன்றத்து ஒலிபெருக்கியில்தான் வரும். ஊர்த்தலைவி பியோன் மால்-சுக் அன்று காலை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"எல்லாருக்கும் வணக்கம். தண்ணித் தொட்டி இன்னிக்குக் கழுவுறோம், பத்து மணிக்கு மேல கொழாயத் தொறக்காதீங்க. அப்புறம், பாங் தால்-சூ அண்ணே! எழுவத்தொம்பது வருஷமா வாயால பொய் சொல்றீங்க. ஊருக்காக ஒரே ஒரு தடவ கையால சொல்லுங்க. நாலு மார்க்கு."

மால்-சுக்குக்கு ஐம்பத்தெட்டு வயது. தீவிலேயே இளையவர் என்பதால் எல்லோரும் அவர் பேச்சைப் பொறுத்துக்கொள்கிறோம்.

2

முதல் தொடக்கம்:

தென்கடலின் மடியில், செக்கச்செவேல் என்று காமெலியா மலர்கள் சிரிக்கும் கமா தீவு —

[விட்டுவிட்டேன். கடலுக்கு மடி கிடையாது. காமெலியாவும் சிரிக்காது. அது முழுப்பூவாகத் தொப்பென்று விழும். பாதையில் நடக்கும்போது பின்னால் யாரோ வருகிற மாதிரி இருக்கும்.]

இரண்டாம் தொடக்கம்:

ஒருநாள் எங்கள் கலங்கரை விளக்கம் கண் பரிசோதனைக்காக எதிர்க்கரைக்குப் போனது —

[இதுவும் வேண்டாம். மூடுபனியில் விளக்கம் கண்ணுக்கே தெரியாத ஒரு நாளில் சுற்றுலா வந்த கும்பலிடம் நான் சொன்னது. எப்போது திரும்பும் என்று ஓர் அம்மாள் கேட்டார். கண்ணாடி தயாராகிக்கொண்டிருக்கிறது, வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்றேன். அவர் அதை வருகைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். "நல்ல தீவு. விளக்கத்தைப் பார்க்க முடியவில்லை. விரைவில் குணமாகட்டும்." இந்தக் கதையை எழுதியிருந்தால் நான்கு மதிப்பெண் சுலபமாக வந்திருக்கும். ஏன் எழுதவில்லை என்பதைத்தான் மீதிக் கதை சொல்லப்போகிறது.]

மூன்றாம் தொடக்கம்:

எங்கள் தீவில் ஆட்களைத் தலையால் எண்ணுவதில்லை. கிண்ணத்தால் எண்ணுவோம்.

[இது நிற்கட்டும்.]

3

கிண்ணம் என்றால் சோற்றுக் கிண்ணம். ஊர்மன்றத்தில் பொதுச் சமையல் நடக்கும் நாட்களில் தலைவி வீடுவீடாகப் போய் "எத்தனை கிண்ணம்?" என்று கேட்பார். இரண்டு என்பார்கள், ஒன்று என்பார்கள். கூட்டினால் ஊர்.

ஒருவர் செத்துப்போனால் நூறாவது நாள்வரை காலையும் மாலையும் அவருக்குச் சோறு வைப்பது எங்கள் வழக்கம். படத்தின் முன்னால் சிறு மேசை, சூடான சோறு, சூப், கரண்டி. எதிர்க்கரையில் இந்த வழக்கத்தை மூன்று நாளாகச் சுருக்கிவிட்டார்கள். எங்களுக்கு அவ்வளவு அவசரமில்லை. ஆகவே நூறாவது நாள்வரை அவருடைய கிண்ணமும் கணக்கில் உண்டு.

மாவட்டத்துப் படிவத்தில் "நிரந்தரவாசிகள் எத்தனை பேர்?" என்ற கேள்வி வந்தபோது மால்-சுக் வழக்கம்போல வீடுவீடாகப் போய்க் கேட்டார். முப்பது கிண்ணம். முப்பது என்று எழுதி அனுப்பினார். நாங்கள் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முப்பதாவது கிண்ணம் கூ மன்-போக் அண்ணனுடையது. பிப்ரவரி கடைசியில் இறந்தார். ஆக்டோபஸ் பிடிக்கிற மண்பானைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்து படுத்தார், எழவில்லை.

இதில் பொய் எதுவும் கிடையாது என்பதுதான் சங்கடம். பொய்யாக இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

(பின்னால் தேவைப்படும் ஒரு குறிப்பு: அந்த முப்பது ஏதோ பொத்தாம்பொதுவான எண் அல்ல. நிரந்தரவாசிகளில் குறைந்தது முப்பது பேரிடம் நேரில் கேட்டு முப்பது படிவம் நிரப்ப வேண்டும். இருபத்தொன்பது ஆனால் அந்தத் தீவை அளக்கவே மாட்டார்கள். அறுபத்தாறும் கிடையாது, எழுபதும் கிடையாது.)

4

எழுபது எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை.

எழுபது வாங்குகிற தீவுக்குத்தான் மே முதல் தேதியிலிருந்து காலைப் படகு. மற்ற தீவுகளுக்கு வாரத்தில் இரண்டு பிற்பகல் படகு. காலை ஏழு பத்துக்குப் புறப்படும் படகில் ஒருவர் மட்டும் திங்கள், புதன், வெள்ளி தவறாமல் போகிறார். மன்-போக் அண்ணனின் மனைவி தாக் புன்-ரே மதினி. எதிர்க்கரை மருத்துவமனையில் அவருக்கு டயாலிசிஸ். நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்துவிட்டு நான்கு மணிப் படகில் திரும்புவார். போவதற்கு முன் அண்ணனுக்குக் காலைச் சோறு, வந்தபின் மாலைச் சோறு.

காலைப் படகு நின்றால் மதினி மகள் வீட்டுக்குப் போயாக வேண்டும். பதினாறாவது மாடி. மகள் வீட்டில் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர்கள். அந்த வீட்டில் செத்தவருக்குச் சோறு வைக்க இடமில்லை. மே முதல் தேதி அண்ணன் போய் அறுபத்து நான்காவது நாள். முப்பத்தாறு நாள் மிச்சமிருக்கும். அந்த முப்பத்தாறு நாளும் அண்ணன் பூட்டிய வீட்டில் காலி மேசை முன்னால் உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகு மதினியின் வாழ்நாள் முழுக்கப் பதினாறாவது மாடி.

ஒலிபெருக்கியில் என் பெயர் வந்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் மண்பானைகள் கவிழ்த்தபடியே இருந்தன.

"மதினி, கதை எழுதச் சொல்லிட்டாங்க."

"கேட்டுச்சு. மலைமேல ஆட்டுக்கே கேட்டுச்சு."

"கலங்கர வெளக்கம் கண்ணு டெஸ்ட்டுக்குப் போனத எழுதவா?"

"அவரப் பத்தி எழுதுங்க கொழுந்தனாரே."

"எழுதிரலாம். திமிங்கிலம் தும்முனப்போ அண்ணே —"

"பொய் வேணாம்." பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார், தலை நிமிரவில்லை. "உங்க கதையில அவரு ஏற்கெனவே நாலு தடவ செத்துட்டாரு. ஒரு தடவ திமிங்கிலம் தும்மி. ஒரு தடவ ஆக்டோபஸ் கைகுடுத்து விடமாட்டேன்னு. அஞ்சாவது தடவ நெசமாவே செத்தப்போ என்னாச்சு?"

நானும் ஒரு பூண்டை எடுத்து உரித்தேன்.

"சொல்லுங்க, என்னாச்சு?"

"சிரிச்சாங்க மதினி."

"சிரிச்சுட்டு ஃபோன வெச்சுட்டாங்க. பாதிப் பேரு வரல. அவரு தம்பியே அடுத்த நாளுதான் வந்தாரு, பொதைச்சு முடிச்சப்புறம்." ஒரு பூண்டைக் கிண்ணத்தில் போட்டார். "உங்கமேல கோவமில்ல. அவருக்கும் இருக்காது. அவருதான் மொதல்ல சிரிப்பாரு. ஆனா இந்தத் தடவ பொய் வேணாம்."

[இந்த உரையாடலை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டில் நான் புத்திசாலித்தனமாக ஏதோ பதில் சொன்னேன். உண்மையில் சொல்லவில்லை. பூண்டு உரிக்க உதவினேன்.]

சாவுச் செய்தி சொல்லப் பதினெட்டுப் பேரைத் தொலைபேசியில் அழைத்தது நான்தான். அண்ணனின் கூடப்பிறந்த தம்பியிடம் சொன்னபோது அவர், "இந்தத் தடவ எது அண்ணே, சுறாவா?" என்றார். நான் "இல்லப்பா, நெசம்" என்றேன். கதை சொல்லும்போது நான் வழக்கமாகச் சொல்கிற சொல் அதுதான்.

5

ஆய்வாளர் சோக் கா-ஹ்யே ஏப்ரல் எட்டாம் தேதி, புதன்கிழமை, காலைப் படகில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். இந்தப் பாத்திரம் எனக்குச் சரியாக வசப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்லவராகவும் எழுதிப் பார்த்தேன், கறாரானவராகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவர் நிற்கவில்லை, வழுக்கி விழுந்தார். நிஜத்திலும் அதுதான் நடந்தது. படகிலிருந்து இறங்கிக் கால் வைத்ததும் துறைமேடைப் பாசியில் வழுக்கி முழங்கால்வரை கடலில் நனைந்தார். என்னுடைய ரப்பர் பூட்ஸைக் கொடுத்தேன். இரண்டு அளவு பெரியது. அன்று முழுக்க அவர் போகும் இடத்துக்கு அவருக்கு முன்பாகவே ளொடக் ளொடக் என்ற சத்தம் போய்ச் சேர்ந்தது.

மதினி அதே படகில் ஏறிப் போய்விட்டார். அவருக்குக் கைகொடுத்து ஏற்றிவிட்ட பின்புதான் இவரைத் தூக்க என்னால் திரும்ப முடிந்தது.

"நீங்கதான் கதை எழுதுறவரா ஐயா?"

"பழக்கம் இல்ல. பேசித்தான் பழக்கம்."

"உண்மையா எழுதணும், பாத்துக்குங்க. போன வருஷம் ஒரு தீவுல டிராகன் வந்துச்சுன்னு எழுதி அனுப்பிட்டாங்க."

"எத்தன மார்க்கு வந்துச்சு?"

"பூஜ்யம்."

"டிராகனுக்கு வருத்தமா இருந்திருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பலகைக் கணினியை கைக்குழந்தை போல மார்போடு அணைத்துக்கொண்டு மேட்டில் ஏறினார்.

பகல் முழுக்க வீடுவீடாகக் கேட்டார். பொறுமையாகத்தான் கேட்டார். காது கேட்காதவரிடம் கத்தினார், கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டினார். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறதாம்: முதியவர்களுக்கு ஆய்வாளரே கேள்வியை வாசித்துப் பதிலை எழுதிக்கொள்ளலாம். நான்கு மணிக்குள் இருபத்தெட்டுப் படிவம் முடிந்தது.

நான்கு மணிப் படகுக்கு நானும் மால்-சுக்கும் கா-ஹ்யேயோடு துறைமேடைக்கு வந்தோம். அங்கே கம்பத்தில் ஓர் இயந்திரம் இருக்கிறது. கரையில் கால் வைக்கிறவரின் கைப்பேசியைப் பார்த்து உள்ளூரா வெளியூரா என்று எண்ணும். கா-ஹ்யே தன் கணினியில் அந்த எண்ணிக்கையைத் திறந்து வைத்திருந்தார்.

"ஐயா, உங்க தீவுக்கு மறுபடி மறுபடி வர்றவங்க கணக்குல நல்ல மார்க்கு வந்திருக்கு. ஒருத்தர் மட்டும் ஒரு வருஷத்துல நூத்தி நாப்பத்தெட்டு தடவ வந்திருக்காங்க. மாவட்டத்துலயே இவ்ளோ பிரியமான சுற்றுலாப் பயணி கெடையாது. பேட்டி எடுக்கணும்னு நெனச்சேன்."

மதினி இறங்கினார். முழங்கை மடிப்பில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. கணினி சின்னதாக ஓர் ஓசை எழுப்பியது. நூற்று நாற்பத்தொன்பது.

கா-ஹ்யே எண்ணைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார்.

"அவங்க கைப்பேசி மக வாங்கிக் குடுத்தது. அதுல பட்டணத்து விலாசம்," என்றேன்.

"மெஷினத் திருத்த முடியாது ஐயா," என்றார். "மெஷினு வேற ஆபீசு."

அங்கேயே துறைமேடையில், மீன்பெட்டியைக் கவிழ்த்து மதினியை உட்காரவைத்து, இருபத்தொன்பதாவது படிவத்தை நிரப்பினார். கடைசிக் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: "இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு இங்கேயே வாழ விரும்புகிறீர்களா? ஆம், இல்லை."

"படகு இருந்தா," என்றார் மதினி.

"ஆமா இல்லன்னு ரெண்டு கட்டந்தான் இருக்கும்மா."

"படகும் ரெண்டுதாம்மா. காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு."

கா-ஹ்யே 'ஆம்' என்று குறித்துக்கொண்டார். பிறகு பட்டியலைப் பார்த்தார்.

"கூ மன்-போக். இவரு ஒருத்தர்தான் பாக்கி. எங்க இருப்பாரு?"

6

இந்த இடத்தில் எனக்குப் பிடிக்காத பாத்திரம் நான்தான்.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். மால்-சுக் அப்போதுதான் வாயைப் பொத்திக்கொண்டார். கிண்ணக் கணக்கு எங்கே போய் முட்டியிருக்கிறது என்று அந்த நொடியில்தான் அவருக்கும் எனக்கும் விளங்கியது. உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும். செத்துட்டாரும்மா. அவ்வளவுதான். சொன்னால் இருபத்தொன்பது. தீவு அளக்கப்படாது. மதினி அருகில் மீன்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார்.

"வீட்லதான் இருக்காரு," என்றேன். "இப்பல்லாம் அவ்வளவா வெளிய வர்றதில்ல."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதனால்தான் அதை எழுபத்தொன்பது வருஷத்தில் நான் சொன்ன மிக மோசமான பொய் என்கிறேன்.

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்கம்மா. சாப்பிடுற நேரந்தான். இருப்பாரு."

[இந்தப் பகுதியைத் தூக்கிவிட்டு நேராக ஏழாவதுக்குப் போகலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மால்-சுக்கிடம் வாசித்துக் காட்டினேன். "உங்கள நல்லவரா காட்டிக்காதீங்க அண்ணே, தீவுல யாரும் நம்பமாட்டாங்க" என்றார். ஆகவே இருக்கிறது.]

7

மாலை ஐந்தரை. மேற்குச் சன்னலில் வெயில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் கா-ஹ்யே பார்த்துவிட்டார். சுவரோரம் மேசை, அதன்மேல் அண்ணனின் படம், படத்தின் இரு தோளிலும் கறுப்பு நாடா. அவர் வாசற்படியிலேயே நின்றார். ஒரு கால் பூட்ஸைக் கழற்றியிருந்தார், ஒரு கால் கழற்றவில்லை.

மதினி அதைக் கவனிக்காதவர் போலச் சமையற்கட்டிலிருந்து சோறும் முள்ளங்கி சூப்பும் கொண்டுவந்தார். வாட்டிய மீன். அண்ணனுக்குப் பிடித்த காரக் கிம்ச்சி ஊறுகாய். கரண்டியைத் துடைத்து வைத்தார்.

"கேளுங்கம்மா. காது கொஞ்சம் மந்தம். சத்தமாக் கேளுங்க."

கா-ஹ்யே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத முயன்று தோற்றேன். பிறகு மற்றொரு பூட்ஸையும் கழற்றினார். வந்து மேசைக்கு முன் மண்டியிட்டு, தலை தரையில் படும்படி இரண்டு முறை வணங்கினார். எழுந்து உட்கார்ந்து, படிவத்தை எடுத்தார்.

[ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து எழுதியிருந்தேன். அவருடைய அப்பாவும் மீனவர், அவரும் சமீபத்தில் — அழித்துவிட்டேன். அவருடைய அப்பா பட்டணத்தில் சலவைக்கடை வைத்து நன்றாக இருக்கிறார். தொலைபேசியில் அவரோடு சண்டை போட்டதைக் கேட்டேன். காரணம் எனக்குத் தெரியாது.]

"வருகையாளர்களால் உங்கள் அன்றாட வாழ்க்கைக்கு இடையூறு ஏற்படுகிறதா? ஒன்று முதல் ஐந்துவரை சொல்லவும்." படத்தைப் பார்த்துத்தான் வாசித்தார். சத்தமாகத்தான் வாசித்தார்.

மதினி மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே பதில் சொன்னார். "கக்கூசு எங்கன்னு கதவத் தட்டுவாங்க. இவரு கூட்டிட்டுப் போயிக் காட்டுவாரு. திரும்ப வர்றப்போ சாப்பிட்டுப் போங்கன்னு கூட்டிட்டும் வந்துருவாரு. இடைஞ்சல் எனக்குத்தான். அவருக்கு ஒண்ணு போடுங்க."

"சுற்றுலா தொடர்பான முடிவுகளில் உங்கள் கருத்து கேட்கப்படுகிறதா?"

"இன்னிக்குத்தான் மொதமொதல்ல கேக்குறாங்க." மதினி முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "நாப்பத்தொரு நாளு பிந்திட்டீங்க."

கா-ஹ்யேயின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது.

"தீவின் கடல்வளம் பத்தாண்டுகளுக்கு முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கிறது?"

"முன்னெல்லாம் நூறு பான எறக்குனா அறுவதுல ஆக்டோபஸ் இருக்கும். போன வருஷம் ஒம்பது. அதுலயும் ரெண்டத் திருப்பிக் கடல்ல விட்டுட்டு வந்தாரு."

"ஏன்?"

இந்தக் கேள்வி படிவத்தில் இல்லை.

"வயித்துல முட்டையாம். புத்தி கெட்ட மனுசன்னு அன்னிக்கு நான் போட்ட சண்டைல அக்கம்பக்கத்துக்காரங்க வந்துட்டாங்க." மதினி படத்தைப் பார்த்தார். "நீங்க அளக்குறீங்களே, காலகாலத்துக்கும் நெலைச்சு நிக்குறதுன்னு. அதுல இது சேருமா?"

கா-ஹ்யே கட்டத்தில் இரண்டு என்று குறித்தார். பிறகு தாளின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, பொடியாக ஏதோ எழுதினார். அதற்கு மதிப்பெண் கிடையாது. என்ன எழுதினார் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம், படிவம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

இன்னும் ஆறேழு கேள்விகள். குப்பை, தண்ணீர், ஒலிபெருக்கி. ஒலிபெருக்கிக்கு மதினி ஐந்து போடச் சொன்னார், "அவருக்குக் கேக்குற ஒரே சத்தம் அதான்" என்றார். கடைசிக் கேள்வி வந்தது.

"இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு இங்கேயே வாழ விரும்புகிறீர்களா?"

மதினி சோற்றின் நடுவில் கரண்டியைக் குத்தி நிறுத்தினார். "அத அவரேதான் சொல்லணும். வெளிய வாங்க. சாப்பிடட்டும்."

8

அண்ணன் சாப்பிடும்போது நாங்கள் பார்ப்பதில்லை. கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் நிற்க வேண்டும். ஒன்பது வாய் உண்ணும் நேரம். பிறகு மூன்று முறை இருமிவிட்டு உள்ளே போவோம், அவர் வாயைத் துடைத்துக்கொள்ள அவகாசம் வேண்டும் அல்லவா.

மூன்று பேரும் நின்றோம். கவிழ்ந்த பானைகளின் முதுகில் வெயில் இருந்தது. மேலே காமெலியாத் தோப்பில் ஒரு பூ விழுந்தது. கா-ஹ்யே காலுறையோடு நின்றார், பூட்ஸ் உள்ளே மாட்டிக்கொண்டது.

"எத்தன பேரு சிரிச்சாங்க ஐயா?" என்று மெதுவாகக் கேட்டார். சாவுச் செய்திக்குச் சிரித்தவர்களைப் பற்றி மால்-சுக் பகலில் பெயர் சொல்லாமல் சொல்லியிருக்க வேண்டும்; அது யார் சாவு என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"ஒம்பது பேரு."

அவர் தலையாட்டினார். மதினி உதடசையாமல் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து இருமினார்.

உள்ளே போனோம். கரண்டி —

[கரண்டி சாய்ந்திருந்தது.]

[கரண்டி கிழக்குப் பார்த்துத் திரும்பியிருந்தது, 'ஆம்' என்பதுபோல.]

[சோற்றில் ஒன்பது வாய் குறைந்திருந்தது.]

மூன்றையும் எழுதினேன். மூன்றும் நன்றாகத்தான் வந்தன. என் வாழ்நாளில் இவற்றைவிட நன்றாக எதையும் சொன்னதில்லை. மூன்றையும் அடித்துவிட்டேன், அடித்தது தெரியட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன்.

கரண்டி வைத்தபடியே நின்றது.

மதினி அடிச்சோறு கரைத்த வெந்நீரை ஊற்றி வைத்தார்.

"என்ன சொன்னாரும்மா?" என்று கா-ஹ்யே கேட்டார்.

"சாப்பிட்டாரு. ஒண்ணும் சொல்லல."

பேனா அந்தக் கட்டத்தின் மேல் வெகுநேரம் நின்றது. பிறகு கா-ஹ்யே மூடியைப் போட்டுவிட்டார்.

9

முடிவுகள் சில இருக்கின்றன.

ஒன்று: கா-ஹ்யே ஆம் என்று குறித்து எடுத்துப் போகிறார், படகு ஓடுகிறது, எல்லோரும் கையசைக்கிறோம். எனக்குக் கையசைக்கப் பிடிக்கும். ஆனால் அவர் குறிக்கவில்லை.

இரண்டு: அவர் படிவத்தைக் கிழித்துப்போடுகிறார். மகள் வந்து மதினியின் பெட்டியைத் தூக்குகிறாள். இதை இரண்டு வரிக்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

மூன்று: மதினி நூறாவது நாளுக்கு முன்பே —

[மாட்டேன்.]

நடந்தது இது. மறுநாள் காலை துறைமேடையில் கா-ஹ்யே பூட்ஸைத் திருப்பித் தந்தார், உள்ளே காகிதம் அடைத்து. கூடவே முப்பதாவது படிவத்தையும் தந்தார்.

"இருவத்தொம்பது பேருட்ட நேர்ல கேட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். இவருட்டயும் நேர்லதான் கேட்டேன். பதில் வரல. பதில் வரலன்னு குறிக்க இதுல கட்டம் இல்ல."

"நான் என்ன செய்யட்டும்?"

"கதையோட சேத்து அனுப்புங்க. வாசிக்குறவங்க பாத்துக்கட்டும்." படகில் ஏறும்போது கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ஐயா, ஊருல சொன்னாங்களே, அந்த வெளக்கம் கண்ணு டெஸ்ட்டுக்குப் போன கதையையே அனுப்பலாம்ல?"

"அனுப்பலாம்."

"அதுக்கு நாலு மார்க்கு கண்டிப்பா கெடைக்கும்."

"டிராகனுக்குக் குடுக்கலையே?"

இந்த முறை சிரித்தார்.

10

ஆகவே இப்போது உங்கள் நிலைமையைப் பாருங்கள்.

நான் எழுதியதை நம்பினால் நான்கு மதிப்பெண் போடுவீர்கள். எழுபது வந்துவிடும். ஆனால் நம்பினால் கூ மன்-போக் இறந்தவர். படிவம் இருபத்தொன்பது. எழுபதால் பயனில்லை. நம்பாவிட்டால் அவர் உயிரோடு இருக்கிறார், வீட்டில்தான், அவ்வளவாக வெளியே வருவதில்லை. முப்பது பேர் முழுசாக இருக்கிறோம். ஆனால் கதைக்கு மதிப்பெண் இல்லை. அறுபத்தாறு.

இதை வேண்டுமென்று செய்யவில்லை. பொய் வேண்டாம் என்று மதினி சொன்னார், எழுதினேன், இப்படி வந்து நிற்கிறது. என் பொய்களில் ஒன்றுகூட இவ்வளவு சிக்கலாக வந்ததில்லை.

ஏழு பத்துப் படகில் மதினி போகிறார். இந்த உறையை அவர் பையில்தான் கொடுத்தனுப்பப் போகிறேன், எதிர்க்கரை அஞ்சல் பெட்டியில் போடச் சொல்லி. அண்ணனுக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பார். சன்னலோரம் உட்காருவார். உறைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பார். "அண்ணே இருக்காரு" என்பேன். பையின் வாயை நன்றாக இழுத்துக் கட்டிக்கொள்வார்.

படிவம் கடைசித் தாளுக்குக் கீழே இருக்கிறது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது, ஒன்றைத் தவிர. பேனாவையும் வைத்திருக்கிறேன்.

நீங்கள் உட்காருங்கள். இதை நான் பார்த்துக்கொண்டு நிற்பது முறையல்ல. கதவைச் சாத்திவிட்டு முற்றத்துக்குப் போகிறேன். ஒன்பது வாய் உண்ணும் நேரம் நிற்பேன்.

அப்புறம் இருமுவேன்.